லூயிஸ் நகரப் பயணம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

நமது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் இந்த வருடச் சுற்றுலா ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை. போகும் இடம் லூயிஸ். போன கிழமை வாசலில் வைத்து மூன்று பேர் கேட்டீர்கள்: "கடலும் இல்லை, ராட்டினமும் இல்லை, அங்கே என்னத்தைப் பார்க்கிறது?" நியாயமான கேள்வி. அதனால்தான் இக்கடிதம் கொஞ்சம் நீளமாகிவிட்டது.

லூயிஸ், லண்டனுக்குத் தெற்கே உள்ள கிழக்கு சசெக்ஸ் மாவட்டத்தின் தலைநகர். பக்கத்துப் பிரைட்டன் எவ்வளவோ பெரிதாக வளர்ந்துவிட்டது. ஆனாலும் மாவட்ட அலுவலகம், கிரவுன் நீதிமன்றம், சிறைச்சாலை எல்லாம் இன்னும் இந்தச் சின்ன ஊரில்தான். ரயிலை விட்டு இறங்கினால் எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம்.

முதலில் கோட்டை. 1066இல் நோர்மன்கள் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகு அவர்களின் பிரபு வில்லியம் டி வாரென் கட்டியது. இங்கிலாந்தில் இரண்டு மண்மேடுகள் கொண்ட கோட்டைகள் இதுவும் லிங்கனில் உள்ளதும்தான். மேலே ஏறினால், 1264 மே 14 அன்று சண்டை நடந்த குன்றுகள் தெரியும். மூன்றாம் ஹென்றி மன்னரை எதிர்த்து வந்தவர், கிளர்ந்தெழுந்த பிரபுக்களின் தலைவர் சைமன் டி மொன்ட்ஃபோர்ட். அவர் பக்கம் நின்ற லண்டன்காரர்கள் இளவரசர் எட்வர்டின் குதிரைப்படையைக் கண்டு ஓட்டம் பிடித்தார்கள். இளவரசர் விடாமல் வெகுதூரம் துரத்திக்கொண்டு போனார். திரும்பி வந்து பார்த்தால் அப்பா தோற்றுப்போயிருந்தார்! வென்ற சைமன் அடுத்த வருடம் கூட்டிய நாடாளுமன்றத்துக்கு நகரங்களின் பிரதிநிதிகளும் அழைக்கப்பட்டார்கள். நம் பிள்ளைகளும் லண்டன்காரர்கள்தானே, ஓடியதும் ஒரு விதத்தில் உதவியது என்று சொல்லித் தருவேன்.

சண்டையின்போது மூன்றாம் ஹென்றி தங்கியிருந்த மடத்தை, பின்னாளில் எட்டாம் ஹென்றி காலத்தில் இடித்துவிட்டார்கள். மிச்சமிருப்பது உடைந்த சுவர்கள். பிள்ளைகள் அங்கே சாப்பிடலாம்.

அப்புறம் ஆன் ஆஃப் கிளீவ்ஸ் வீடு. எட்டாம் ஹென்றி தன் நாலாவது மனைவியை விலக்கியபோது கொடுத்த சொத்துகளில் ஒன்று. அந்த அம்மா ஒரு நாளும் அங்கே குடியிருக்கவில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆனால் நான் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவது அவருக்காக இல்லை, ஒரு சின்ன வெள்ளைச் சட்டைக்காக. 1836 கிறிஸ்மஸ் நேரம் கடும் பனிப்புயல். ஊரின் ஓரத்தில் செங்குத்தாக நிற்கும் கிளிஃப் குன்றின் விளிம்பில் பனி குவிந்து தொங்கியது. டிசம்பர் 27 காலையில் அது அப்படியே கீழே இருந்த தொழிலாளர் வீடுகள்மேல் சரிந்தது. பதினைந்து பேர் புதைந்தார்கள், எட்டுப் பேர் இறந்தார்கள். பிரிட்டனில் பதிவான பனிச்சரிவுகளில் மிக மோசமானது இதுதான். ஆல்ப்ஸ் மலையில் இல்லை, லண்டனிலிருந்து ஒரு மணி நேரத்தில்! உயிரோடு மீட்கப்பட்டவர்களில் ஒருத்தி இரண்டு வயதுக் குழந்தை. அன்று அவள் போட்டிருந்த சட்டைதான் அது.

திரும்பும்போது கீர் தெருவில் நடப்போம், கூழாங்கல் பதித்த செங்குத்துச் சரிவு. வீடுகளுக்கு நடுவே போகும் ஒடுங்கிய பாதைகளை அங்குள்ளவர்கள் 'ட்விட்டன்' என்பார்கள். நம் ஒழுங்கைதான். இந்தச் சொல் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று அன்றைக்குப் பார்க்கலாம்.

சரி, இனி வேலை விடயம். போன வருடம் வாடகை பஸ் ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், நானும் மறக்கவில்லை. இந்த முறை ரயில். காலை 8.45க்கு விக்டோரியா நிலையத்தில் நிற்கவேண்டும். வழுக்காத சப்பாத்து, மழைச்சட்டை, மதியச் சாப்பாடு கட்டாயம். புளிச்சாதம் என்றால் ஆசிரியர்களுக்கும் சேர்த்து அனுப்பலாம். தள்ளுவண்டிக் குழந்தைகளோடு வருபவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், கோட்டைப் படிகளில் ஏற்ற முடியாது.

வீட்டுப்பாடம் எழுத்தில் இல்லை. அன்று மாலையோ மறுநாளோ, ஊரில் இருக்கும் அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ போன் எடுத்து, பார்த்ததில் ஒன்றைப் பிள்ளை தமிழில் சொல்லவேண்டும். தடுமாறினால் நீங்கள் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்காதீர்கள். அங்கே கேட்பவர் கேள்வி கேட்டுக் கேட்டு வாங்கிவிடுவார்.

சம்மதப் படிவத்தை மே கடைசிச் சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்