போர்ச் செய்திகளுக்கு நடுவே ஓர் இறுதி ஆட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2022 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் படத்தைத் தங்கள் நாளிதழ் முதல் பக்கத்தில் பெரிதாக வெளியிட்டதைக் கண்டித்து, உக்ரைனில் குண்டு விழுந்துகொண்டிருக்கும் வேளையில் பந்து விளையாட்டுக்கு இத்தனை இடமா என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய வருத்தம் நியாயமானது. அவர் வந்து சேர்ந்த முடிவைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

2022ஆம் ஆண்டு முழுவதும் காலையில் நாளிதழைப் பிரிப்பதே நெஞ்சைக் கனக்கச் செய்யும் காரியமாக இருந்தது. பிப்ரவரியில் தொடங்கிய ரஷ்யப் படையெடுப்பு, எரிபொருளுக்கும் மருந்துக்கும் இலங்கை மக்கள் அலைந்த அலைச்சல், பாகிஸ்தானை மூழ்கடித்த வெள்ளம், ஈரானில் போராடிய இளைஞர்களுக்குத் தூக்கு என ஒன்று அடங்குமுன் இன்னொன்று வந்து நின்றது. இவற்றில் எதற்கும் நம்மிடம் தீர்வில்லை. எப்போது முடியும் என்று சொல்லவும் எவராலும் முடியவில்லை. கால்பந்து ஆட்டமோ நம் கண்முன்னே தொடங்கி, நம் கண்முன்னே முடிகிறது. தோற்றவர்கள் எழுந்து வீடு திரும்புகிறார்கள். கவலையைச் சற்றே இறக்கிவைக்க மனத்துக்கு அந்த இரண்டு மணி நேரம் தேவைப்படுகிறது.

ஞாயிறு இரவு கத்தாரின் லுசைல் அரங்கில் பிரான்சுக்கு எதிராக அர்ஜென்டினா அடித்த இரண்டாவது கோலை எண்ணிப் பார்க்கிறேன். மெஸ்ஸி ஒரே தொடுகையில் திருப்பிவிட்ட பந்தை அல்வாரெஸ் முன்னே தள்ள, பாய்ந்து ஓடிய மெக் அலிஸ்டர் தானே அடிக்க ஆசைப்படாமல் இடப்புறம் வந்த டி மரியாவுக்குக் குறுக்கே கொடுத்தார். பந்து வலைக்குள் போனதும் டி மரியா அழுதேவிட்டார். பிறகு 80, 81ஆம் நிமிடங்களில் பிரான்ஸின் எம்பாப்பே ஆட்டத்தைச் சமன் செய்தபோது, அர்ஜென்டினா பக்கம் நின்ற எங்கள் வீட்டில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. 3-3 என்று முடிந்து, பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா வென்ற அந்த ஆட்டத்துக்குப் பின், விலைவாசி ஓராண்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஏறிப்போன ஒரு நாட்டின் மக்கள் தலைநகர் புவெனஸ் அயர்ஸின் வீதிகளை நிறைத்தார்கள். காலிறுதியில் போர்ச்சுகலை வென்ற மொராக்கோவின் பூஃபால் தன் தாயை மைதானத்துக்குள் அழைத்துவந்து அவரோடு ஆடியதைப் பார்த்தவர்களுக்கு, அன்றைய இரவு நல்லபடியாகக் கழிந்திருக்கும் என்பது உறுதி.

குண்டுவீச்சுக்கு நடுவே வாழ்பவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் அந்த வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும். உக்ரைன் தன் கால்பந்து லீக்கை, பார்வையாளர்களை அனுமதிக்காமல், ஆகஸ்டிலேயே மீண்டும் தொடங்கிவிட்டது. லிவிவ் நகரின் ரூக் அணியும் கார்கிவ் நகரின் மெட்டலிஸ்ட் அணியும் மோதிய ஆட்டத்தில், வான்தாக்குதல் எச்சரிக்கை ஒலிக்கும்போதெல்லாம் வீரர்கள் பதுங்கிடத்துக்குச் சென்று, சங்கொலி ஓய்ந்ததும் திரும்பிவந்து, விட்ட இடத்திலிருந்து ஆடி, நான்கு மணி நேரத்துக்கும் மேலாகியும் ஆட்டத்தை முடித்தே தீர்ந்தார்கள். போரை மறந்தவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல மாட்டார்கள். தொலைவில் இருக்கும் நாம் அதே ஆட்டத்தில் ஆறுதல் தேடினால் அது மட்டும் எப்படி இரக்கமின்மை ஆகும்?

இந்த விளையாட்டு மாசற்றது என்று நான் வாதிடவில்லை. கத்தார் அரங்குகளைக் கட்டியதில் நேபாளம், வங்கதேசம், இந்தியா ஆகிய நாடுகளின் தொழிலாளர்கள் பட்ட பாட்டையும், முதல் ஆட்டத்தில் ஈரான் வீரர்கள் தேசிய கீதம் பாடாமல் நின்ற நிமிடங்களையும் தங்கள் நாளிதழ் எழுதத்தான் வேண்டும்.

என் வேண்டுகோள் ஒன்றே. உலகக் கோப்பை முடிந்துவிட்டது என்று கால்பந்தைப் பழையபடி விளையாட்டுப் பக்கத்தின் அடியில் நான்கு வரிகளுக்குள் ஒடுக்கிவிடாதீர்கள். எந்த வீரர் எத்தனை கோடிக்கு எந்த அணிக்கு மாறினார் என்ற செய்தியைச் சுருக்கி, கோல் எப்படி விளைந்தது என்பதை விவரமாக எழுதுங்கள், இந்தியக் கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல். ஆட்டங்களுக்கும் சென்னை வியாசர்பாடி மைதானங்களில் வளரும் பிள்ளைகளுக்கும் அந்தப் பக்கத்தில் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சி.