இரவுப் படத்தில் இருட்டும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் எங்கள் ஊர்க் கோயில் குளமான கமலாலயத்தின் தெப்பத் திருவிழாப் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். பார்த்ததும் எங்கள் தெருவுக்கே சந்தோஷம். எடுத்தவர் ட்ரைபாட் போட்டு மணிக்கணக்கில் காத்திருந்திருக்கிறார், அந்த உழைப்பு தெரிகிறது. ஆனாலும் அந்தப் படத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. வானம் ஊதாவாக இருக்கிறது. மேலக் கோபுரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். படித்துறையில் உட்கார்ந்திருப்பவர்களின் சட்டைக் கட்டம் வரை எண்ணலாம். தண்ணீரில் விழுந்த கோபுரம், நிஜக் கோபுரத்தைவிட வெளிச்சமாக இருக்கிறது. 32 வருடமாகத் திருவாரூரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். தெப்பத்தன்று கமலாலயம் அப்படி இருப்பதில்லை.

வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த பல படங்களை ஒன்றாகச் சேர்க்கும் எச்.டி.ஆர். என்ற முறையையே நான் குறை சொல்லவில்லை. இரவில் அது இல்லாமல் முடியாது. கேமராவில் வெளிச்சத்தை ஸ்டாப் கணக்கில் அளக்கிறோம். ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, பத்து ஸ்டாப் என்றால் 1,024 மடங்கு. நல்ல கேமராவே ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவு, 100-இல் 14 ஸ்டாப் அளவுக்குத்தான் ஒரே படத்தில் பிடிக்கும். தெப்பத்தின் சீரியல் பல்புக்கும் படித்துறையின் கடைசிப் படி நிழலுக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் அதைத் தாண்டிவிடும். அதனால் பல்புக்கு ஒன்று, கோபுரத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று எடுத்துச் சேர்க்கிறோம். 1850-களிலேயே பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே பிரின்ட்டில் சேர்த்திருக்கிறார். நானும் டார்க் ரூமில் என்லார்ஜருக்குக் கீழே கையை ஆட்டி ஆட்டி, மாப்பிள்ளை முகம் கறுத்துப்போகாமல் இருக்க அதில் விழும் வெளிச்சத்தைக் குறைத்து, வெள்ளை வேட்டி வெளுத்துப்போகாமல் இருக்க அதற்குக் கூட்டி பிரின்ட் போட்டவன்தான். இது ஏமாற்று வேலை இல்லை. எவ்வளவு தூரம் போகலாம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதில் நானும் தவறு செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் புது சாஃப்ட்வேர் வாங்கிய வேகத்தில், வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த ஏழு படங்களைச் சேர்த்து ஒரு தெப்பப் படம் செய்து, பெரிதாகப் பிரின்ட் போட்டுக் கடை வாசலில் மாட்டினேன். மேல்கரையில் வேர்க்கடலை வண்டி போடுகிற தம்பி ஒருவர் வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வண்டியும் அந்தப் படத்தில் இருந்தது. "அண்ணே, என் வண்டியில லைட்டு எரியலியே?" என்றார். எரிந்துகொண்டுதான் இருந்தது. சுற்றியிருந்த இருட்டை எல்லாம் நான் தூக்கிவிட்டதால் அது இருக்கும் இடமே தெரியாமல் போய்விட்டது. அன்று மாலையே படத்தைக் கழற்றினேன்.

அதற்கு அடுத்த தெப்பத்துக்கு மூன்று இரவும் கேமராவைத் தூக்காமல் கரையில் நின்று பார்த்தேன். இருட்டில் கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியாது. சிவப்பு முதலில் கறுத்துப்போகும், நீலம் கொஞ்சம் தூக்கலாக நிற்கும். செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே சுமார் 200 வருடங்களுக்கு முன்பே இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். விளக்கு படாத படியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் அரக்குச் சேலை கறுப்பாகத்தான் தெரியும். அதைப் படத்தில் பளீரென்று அரக்காகவே காட்டினால் பார்ப்பவர் மனம் ஒப்பாது. ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியாவிட்டாலும் ஒப்பாது. தண்ணீரும் அப்படித்தான். எதிரொளி எப்போதும் அசலைவிட மங்கல். சாஃப்ட்வேர் இரண்டையும் சமமாக்கப் பார்க்கும், நாம்தான் விடக் கூடாது.

இன்னொன்றும் அங்கே நின்றபோதுதான் உறைத்தது. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று பழைய நில அளவில் சொல்வோமே, அந்த ஐந்து வேலியைக் காட்டுவதே இருட்டுதான். ஒரு கரையின் விளக்கு மறுகரைக்கு எட்டாது. குளத்தின் நடுவில் இருக்கும் நாகநாதர் கோயிலைத் தாண்டினால் தண்ணீர் கறுப்பாகக் கிடக்கும். அந்தக் கறுப்பில் தெப்பம் மட்டும் தனியாக நகர்ந்து வரும்போதுதான் குளம் எவ்வளவு பெரிது என்று தெரியும். முழுக்க வெளிச்சமாக்கினால் அது ஏதோ ஓட்டல் வாசல் தொட்டி மாதிரி ஆகிவிடுகிறது.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 8, இரண்டையும் மாற்றுவதில்லை. ஷட்டரை மட்டும் கால் நொடி, 1 நொடி, 4 நொடி, 15 நொடி என்று மாற்றி நான்கு ரா ஃபைல், அதாவது கேமரா திருத்தாமல் பதிந்த அசல் படம். ஒயிட் பேலன்ஸை (நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) ஆட்டோவில் விடுவதில்லை, விட்டால் நான்கும் நான்கு நிறமாக வரும். கோபுரத்தின் ஃபோகஸ் லைட் வெள்ளை, தெருவிளக்கு மஞ்சள் என்றால் அப்படியே இருக்கட்டும். சேர்க்கும்போது 1 நொடிப் படம்தான் அடிப்படை. கால் நொடிப் படத்திலிருந்து பல்புகளை மட்டும் எடுப்பேன். 15 நொடிப் படத்திலிருந்து படிகளுக்கு ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். தெப்பத்தை இந்த நான்கிலிருந்தும் எடுக்கக் கூடாது. கரையிலிருந்து வடம் பிடித்து இழுக்கிறார்கள், 15 நொடியில் அது நகர்ந்துவிடும். சேர்த்தால் சுவாமி இரண்டாகத் தெரிவார். அதனால் தெப்பத்துக்கு மட்டும் தனியாக ஐஎஸ்ஓ 1600, எஃப் 4, ஒரு நொடியில் 60-இல் ஒரு பங்கு என்று உடனே ஒன்று எடுத்துக்கொள்வேன். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும், பரவாயில்லை.

எல்லாம் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் எடுத்தவை என்றால் அதை ஒரே படம் என்று சொல்லலாம். பொழுது சாயும்போது எடுத்த நீல வானத்தை, இருட்டிய பிறகு வந்த தெப்பத்துக்கு மேல் ஒட்டினால் அது அழகாக இருக்கலாம், வீட்டில் மாட்டலாம். செய்தித்தாளில் போடும்போது படத்துக்குக் கீழே ஒரு வரி சொல்லிவிட வேண்டும். தங்களிடம் என் முதல் வேண்டுகோள் அதுதான்.

இரண்டாவது, அச்சு பற்றி. நியூஸ்பிரின்ட் மையை உறிஞ்சும், புள்ளி பரவும், நிழல் அடைத்துக்கொள்ளும். அதற்காகப் படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கித்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டும், புரிகிறது. ஏற்கெனவே தூக்கிய படத்தை இன்னும் தூக்கும்போதுதான் கறுப்பென்று ஒன்று இல்லாமல் எல்லாம் சாம்பலாகிவிடுகிறது. இரவுப் படங்களை அனுப்புகிறவர்களிடம் சேர்க்காத ஒரு ரா ஃபைலையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இளம்பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது நல்ல கேமரா வைத்திருக்கிறார்கள். அடுத்த தெப்பத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ட்ரைபாடோடு மேல்கரைக்கு வந்தால் கூட நின்று எடுத்துக் காட்டுகிறேன். அப்புறம் செய்த படத்தைத்தான் இப்போது கடை வாசலில் மாட்டியிருக்கிறேன். கடலை வண்டி விளக்கு இடது ஓரத்தில் மஞ்சளாக எரிகிறது.

இப்படிக்கு,
ஸ்டூடியோ நடத்தும் ஒரு வாசகன்,
திருவாரூர்