கட்டைவிரல் எட்டும் தூரம்

மல்லேசுவரம்,
பெங்களூரு

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கண்டேன். மகளுக்குக் கோவையிலேயே கல்லூரியில் இடம் கிடைத்தது பெரிய நிம்மதி. நடத்துனர்களின் டிக்கெட் இயந்திரம் போன்ற கைக்கருவிகளின் பிடி, பொத்தான், எடை ஆகியவற்றுக்கு வடிவமைப்பு நெறிமுறை எழுதும் பணியைப் பற்றிக் கேட்டிருந்தாய். இப்போது என் நினைப்பெல்லாம் அதிலேயே இருக்கிறது.

மெஜஸ்டிக் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும் நெரிசலான பேருந்தில் நடத்துனரின் இடக்கையைக் கவனித்துப் பார். நான்கு விரல்கள் இயந்திரத்தைத் தாங்குகின்றன, அவற்றின் இடுக்கிலேயே மடித்த ரூபாய்த் தாள்கள், பொத்தானை அழுத்தக் கட்டைவிரல் மட்டுமே மிச்சம். அடிவரிசைப் பொத்தானுக்காக அந்த விரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கும்போது பிடி தளர்கிறது. ஓட்டுநர் பிரேக் போடும் நேரமும் அதுவாக இருந்தால் கருவி கையை விட்டே நழுவும். இறுகப் பற்றுவதும் துல்லியமாகப் பிடிப்பதும் கையின் இருவேறு வேலைகள் என்று உடற்கூற்றியல் அறிஞர் ஜான் நேப்பியர் 1956-இல் விளக்கினார். இரண்டையும் ஒரே கையிடம் ஒரே நேரத்தில் கேட்கிறோம் என்பதுதான் இங்கே சிக்கல்.

ஆகவே, கட்டைவிரலின் உதவி இல்லாமலேயே கருவி கையில் நிற்க வேண்டும் என்பதை முதல் விதியாக வைக்க வேண்டும் என்று வாதாடி வருகிறேன். காகிதச் சுருளும் அச்சுப்பொறியும் மேல்முனையில் இருந்தால் எடை முன்னே சாய்ந்து, நாள் முழுவதும் மணிக்கட்டை வளைக்கும். பேட்டரியைக் கீழே, உள்ளங்கைக்கு நேராக வைத்தாலே அந்தச் சுமை குறையும்.

அளவுகளும் வேண்டும்தான். ஆனால் சராசரிக் கைக்கென்று செய்த கருவி பலருக்குப் பொருந்தாது. எட்ட வேண்டிய பொத்தானைச் சிறிய கையை, அதாவது பெண்களில் 5-ஆம் சதமானத்தை (நூறு பெண்களில் ஐந்து பேருக்கு மட்டுமே இதைவிடச் சிறிய கை) வைத்தும், விரல் நுழைய வேண்டிய இடைவெளியைப் பெரிய கையை, அதாவது ஆண்களில் 95-ஆம் சதமானத்தை வைத்தும் தீர்மானிக்க வேண்டும். பெண் நடத்துனர்கள் பணியாற்றும் இந்த நகரத்தில் இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. தொடுதிரைக்கு ஆண்ட்ராய்டு வழிகாட்டி விரல் தொடும் இடம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. குலுங்கும் வண்டியில் அதற்கும் கூடுதலாகவே வேண்டும் என்பது என் கருத்து.

உன்னால் ஓர் உதவி ஆக வேண்டும். பின்புறத்தில் விரல்கள் பதியும் மேடும், கைப்பட்டை கோக்கும் துளையும் உள்ள மாதிரி உறை ஒன்றை உன் பட்டறையில் செய்து தர முடியுமா? வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மேட்டின் உயரத்தை மாற்றி மூன்று விதமாகத் தந்தால், நடத்துனர்களிடமே கொடுத்துப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
ரகு