2028 மே மாதத்துக்குள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சருக்கும் செயலாளருக்கும் வணக்கம்.

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 31ஆவது பிரிவை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன். மக்கள்தொகைக்கு இத்தனை பேர் என்று உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்குப்படி மனநலப் பணியாளர்கள் இருக்க, பத்து ஆண்டுகளுக்குள் அரசு முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. கெடு 2028 மே மாதம் முடிகிறது. ‘முயற்சி என்றுதானே சட்டத்தில் இருக்கிறது’ என்று துறையில் யாராவது சொல்லலாம். சரி, அந்த முயற்சி எதுவரை வந்திருக்கிறது என்பதையாவது எங்களுக்குச் சொல்லுங்கள்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். பல வருடங்களாக அரசு மருத்துவமனையில்தான் பார்க்கிறோம். மாத்திரைக்கு இதுவரை ஒரு ரூபாய் கேட்டதில்லை. மாதாமாதம் தனியாரிடம் வாங்கியிருந்தால் எங்கள் குடும்பம் தாங்கியிருக்காது. அந்த நன்றி மனதில் இருக்கிறது. ஆனால் அவன் தேறி வந்ததற்கு மாத்திரை மட்டும் காரணம் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளராக இருந்த ஒரு பெண், அவனைப் பேச வைக்க மாதக்கணக்கில் முயன்றார். அவன் வராத மாதம் எங்களுக்குப் போன் செய்வார். ‘மாத்திரை போட்டானா?’ என்று கேட்கமாட்டார். ‘ராத்திரி தூங்குகிறானா, வெளியே போய் வருகிறானா?’ என்று கேட்பார். அப்புறம் ஒருநாள் அவர் இல்லை. ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். வேறு நல்ல வேலை கிடைத்ததும் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த இடத்துக்கு வேறு ஆள் வரப் பல மாதங்கள் ஆயின. வந்தவர் முதலிலிருந்து எல்லாக் கேள்வியையும் கேட்டார், தம்பி வாயே திறக்கவில்லை. அதற்குள் மாத்திரையை நிறுத்தியிருந்தான். திரும்பவும் வார்டு.

இரத்த அழுத்தத்தை யார் பார்த்தாலும் கருவி ஓர் அளவைக் காட்டிவிடும். மனநோய் அப்படி இல்லை. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே பதில் வரும். ‘எனக்குக் குரல் கேட்கிறது’ என்பதை ஒருவர் முன்பின் தெரியாதவரிடம் சொல்வாரா? பழகிய ஆள் போனால் பழகியதெல்லாம் கூடவே போய்விடுகிறது. அதனால்தான் மனநலத் துறையில் ஒப்பந்த முறை மற்ற இடங்களைவிட அதிகக் கேடு செய்கிறது. மனநல மருத்துவர், உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், செவிலியர் என்று ஒரு குழுவாகத்தான் மாவட்ட மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. மருத்துவர் மட்டும் இருந்து மற்ற நாற்காலிகள் காலியாகக் கிடந்தால், ஓ.பி. சீட்டில் அதே மாத்திரையைத் திரும்ப எழுதிக் கொடுப்பதோடு சிகிச்சை முடிந்துவிடும். நெரிசலில் அவரால் வேறென்ன செய்ய முடியும்?

மருத்துவர்களும் போதவில்லை. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் என்ற அளவைக் கேரளம் மட்டுமே எட்டியிருந்தது. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. இவ்வளவு பழைய மரபு உள்ள மாநிலம் அந்த வரிசையில் முன்னால் நின்றிருக்க வேண்டாமா?

2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்கா இருக்கும் ஏர்வாடியில், ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவிட்ட குடும்பங்களைப் பலரும் திட்டினார்கள். என்னால் திட்ட முடியவில்லை. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் பேசிப் புரியவைக்க ஓர் ஆள் இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் அவ்வளவு தூரம் போயிருப்பார்கள்?

இன்னொரு கணக்கு இன்னும் கொடுமையானது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022-இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. தற்கொலைக்கு முயன்றவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று இதே சட்டத்தின் 115ஆவது பிரிவு சொல்கிறது. விஷம் குடித்துப் பிழைத்த ஒருவர் வயிறு சுத்தமாகி வீடு திரும்புமுன் ஒரு மனநலப் பணியாளர் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அடுத்த சில வாரங்கள் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். தொலைபேசியில் ஆலோசனை தரும் 104-ம் 14416-ம் நல்ல சேவைகள். ஆனால் போனில் பேசி முடித்தவரை நேரில் எங்கே, யாரிடம் அனுப்புவது?

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதைக் கொண்டுவரும் பெண் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்தால், மனநோய் மாத்திரையை நிறுத்தியவரை முதலில் கண்டுபிடிப்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். அந்த வேலைக்குத் தனி ஊதியம் கொடுங்கள். அவர்கள் தகவல் சொன்னதும் கிளம்பி வர வட்டார அளவில் ஒரு நிரந்தரப் பணியாளரும் அவருக்குப் பயணப்படியும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி தருவதும் 31ஆவது பிரிவில் இருக்கும் கடமைதான்.

மாவட்ட மனநலக் குழுக்களின் பணியிடங்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகக் காலமுறை ஊதியத்தில் நிரப்புங்கள். வருடக்கணக்கில் ஒப்பந்தத்தில் உழைத்தவர்களுக்கு அதில் முன்னுரிமை கொடுங்கள். அதற்கும் முன்னால், இந்த மாதமே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் அனுமதிக்கப்பட்ட மனநலப் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, காலியானவை எத்தனை மாதமாகக் காலி என்ற பட்டியலை வெளியிடுங்கள். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பியுங்கள்.

இப்படிக்கு,
மனச்சிதைவு நோயோடு வாழும் ஒருவரின் அக்கா