ஒரு கை நெல்லை வைத்து அம்பாரத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள்

திருநெல்வேலிச் சீமையின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் வயல் உள்ள வீட்டுப் பெண் நான். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன்.

கார் அறுவடை முடிகிற நேரத்தில் வானமும் மூட்டம் போட ஆரம்பித்துவிடும். விரித்துக் காயவைத்து, தூறினால் தார்ப்பாய் போட்டு, மறுபடி விரித்து, ஒருவழியாக நெல்லைக் கொண்டுவந்து தட்டுகிறோம். அம்பாரத்தின் ஓரத்தில் ஒரு கை அள்ளி ஈரப்பதமானியில் போடுகிறார்கள். 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மொத்த நெல்லும் நிற்கிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் பானை முழுக்க ஒரே கொதி. அம்பாரம் அப்படியில்லை: மேல்நெல் காய்ந்திருக்கும், உள்நெல் வேர்த்திருக்கும். ஒரு அளவு அந்த ஒரு கையைப் பற்றித்தான் சொல்லும்.

நான் கேட்பது இதுதான். 'இந்த அம்பாரத்தின் சராசரி ஈரப்பதம் 17-ஐத் தாண்டவில்லை' என்பதை இன்மைக் கருதுகோளாக, அதாவது எதிர்ச்சான்று வரும்வரை ஏற்றுக்கொள்ளும் தொடக்க அனுமானமாக, வையுங்கள். மேல், நடு, அடி என்று பல இடங்களில் அள்ளி அளந்து, தாண்டியதற்குப் போதிய சான்று இருந்தால் மட்டும் திருப்புங்கள்.

உதாரணத்துக்கு 9 இடங்களில் அளந்து, சராசரி 17.4, திட்டவிலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) 0.9 என்று வைத்துக்கொள்வோம். 0.9-ஐ 9-ன் வர்க்கமூலமான 3-ஆல் வகுத்தால் திட்டப்பிழை, அதாவது அந்தச் சராசரியே தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்பது, 0.3. கூடுதலான 0.4-ஐ அதனால் வகுத்தால் 1.33. காய்ந்த நெல்லைத் தவறாகத் திருப்பும் வாய்ப்பு ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றால் (இதுதான் ஐந்து சதவீத மிகைகாண் நிலை), 9 அளவுகளுக்கு டி சோதனையின் அட்டவணை கேட்பது 1.86. எட்டவில்லை, அந்த 0.4 அள்ளிய இடத்தின் தற்செயலாகவும் இருக்கலாம். அதே சராசரி, அதே விலக்கம் 36 இடங்களில் அளந்து வந்தால் விகிதம் 2.67, 36 அளவுகளுக்கு அட்டவணை கேட்கும் எல்லை சுமார் 1.69. அப்போது நெல் ஈரம்தான். திருப்புங்கள், நானே ஒப்புக்கொள்வேன்.

டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் இந்த டி சோதனைக்கு அடிப்படை போட்டார். பார்லியும் சில மாதிரிகளும் மட்டும் கையில் இருந்தவருக்குத் தேவைப்பட்ட கணக்கு, நெல்லுக்கும் பொருந்தும்.

உங்கள் கவலையும் நியாயம்தான். ஈரநெல்லை வாங்கிவிட்டால் கிடங்கில் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், ரேஷன் அரிசி கெடும். அது ஒரு வகைத் தவறு. காய்ந்த நெல்லைத் திருப்புவது இன்னொரு வகை. ஒரே அளவை நம்பினால் இரண்டுமே கூடும். ஓரம் காய்ந்திருந்து உள்ளே ஈரமான அம்பாரமும் இன்று தப்பிவிடுகிறதே! சான்று போதவில்லை என்றால் நெல் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை என்பதும் எனக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் இன்னும் சில இடங்களில் அள்ளுங்கள். திட்டப்பிழை குறையும், ஈரநெல் தப்பிவிடும் தவறும் குறையும்.

கைபேசியில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. அளவு எல்லாவற்றையும் சீட்டில் எழுதி விவசாயி கையில் கொடுங்கள். அடுத்த கார் அறுவடைக்கு முன் உங்கள் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நானும் என் மாணவர்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம் வட்டத்துப் புள்ளியியல் ஆசிரியை