வார்டன் அறைக்குள் ஒரு புகார்ப் பெட்டி

கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவினருக்கு,

வணக்கம். ஆறு வருஷத்துக்கு முன்னால் உங்கள் விடுதியில் முதலாம் ஆண்டு மாணவனாகத் தங்கியிருந்தவன் எழுதுகிறேன். ஊர் பாம்பன். அம்மா பாசி எடுக்கப் போவார். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சுப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து பறிக்கிற வேலை. அந்தக் காசில்தான் ஃபீஸ் கட்டினோம்.

விடுதிக்குக் கிளம்பும்போது ஹார்லிக்ஸ் பாட்டிலில் நெத்திலிக் கருவாட்டுப் பொடி கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் ராத்திரி சீனியர்கள் நாலு பேர் அந்தப் பாட்டிலை ஷூ லேஸில் கட்டி என் கழுத்தில் மாட்டினார்கள். "கருவாடேய்" என்று கூவிக்கொண்டே வராந்தா முழுக்க நடக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. சிரித்தவர்களில் என் வகுப்புப் பையன்களும் உண்டு. சிரிக்காவிட்டால் அடுத்து தங்கள் முறை என்று பயந்திருப்பார்கள். அன்றிலிருந்து என் பேரே கருவாடுதான். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற விடுதி அது. அங்கே மீன் வாடை கேலிப்பொருள்!

வார்டனிடம் சொன்னேன். "அடிச்சானுங்களா? இல்லேல்ல? அப்புறம் என்ன தம்பி, சும்மா விளையாட்டு" என்றார். எழுதிப் போடலாம் என்றால் புகார்ப் பெட்டி அவர் மேஜைக்குப் பின்னால் இருந்தது. இரண்டாவது தடவை போனபோது அந்த நாலு பேரையும் கூப்பிட்டுக் கை குலுக்க வைத்தார். அன்று ராத்திரி பாட்டில் உடைந்தது.

மருத்துவ மாணவர் நாவரசு 1996-இல் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு கொண்டுவந்த ராகிங் தடைச் சட்டத்தைப் பின்னாளில்தான் படித்தேன். அடி விழுந்தால்தான் ராகிங் என்று அதில் இல்லை. கேலி செய்வது, கூனிக்குறுக வைப்பது, ஒருவன் தானாகச் செய்யாததைச் செய்யச் சொல்வது எல்லாமே ராகிங்தான். இரண்டு ஆண்டு வரை சிறை. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவரும் உடந்தை. சேரும்போது என்னிடமும் அம்மாவிடமும் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினீர்கள். காய்ப்புப் பிடித்த விரல்களால் அம்மா நிதானமாகக் கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கிறது.

பெட்டியை மெஸ்ஸுக்குப் போகிற வழியில் வையுங்கள். சாவி வார்டனிடம் வேண்டாம். புகார் கொடுத்தவனையும் செய்தவர்களையும் ஒரே அறையில் நிறுத்தாதீர்கள்.

இந்த வருஷம் சித்தி மகன் அங்கே சேர்கிறான். பொடி இடித்துக் கொடுத்துவிடலாமா என்று சித்தி கேட்டார். இரண்டு நாளில் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்