சீசன் தப்பவில்லை, கயல்

திருவல்லிக்கேணி
மார்ச் 5

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. அமெரிக்காவில் உன் வீட்டிலிருந்து ஊர் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். மாடிப்படி ஏறமாட்டேன் என்கிறார், ஆனால் பார்த்தசாரதி கோயில் வாசல் வரைக்கும் நடந்து போய் அரட்டை அடித்துவிட்டு வருகிறார். குட்டி குப்புற விழுந்த வீடியோவைத் தெருவில் பார்க்காத ஆள் கிடையாது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் நான் பாஸ்டன் என்று வாயைத் திறந்தாலே நீ "சாரிம்மா, தப்பான சீசன்ல போக வேண்டியதாயிடுச்சு" என்று ஆரம்பித்துவிடுகிறாய். கிளம்பும்போது சொன்னாய், திரும்பி வந்ததும் சொன்னாய், விமான நிலையத்தில் அழுதுகொண்டே ஒரு தடவை. போன ஞாயிற்றுக்கிழமையும் சொன்னாய். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

உன் கவலை எனக்குப் புரியாமலில்லை. குழந்தைக்கு இரண்டு மாதம். உன்னால் கூட வர முடியாது. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. அப்பா பேரனை விட்டு நகரமாட்டார். அறுபத்திரண்டு வயதுக்காரி ஜனவரி மாதம் தனியாக ரயிலேறி மூன்று நாள் பாஸ்டன் போகிறேன் என்றால் எந்தப் பெண்ணுக்கும் வயிற்றைக் கலக்கும். "அக்டோபர்னா இலையெல்லாம் சிவந்திருக்கும், மே மாசம்னா பூவா இருக்கும், இப்ப போனா மூஞ்சி மரத்துப் போறதுதான் மிச்சம்" என்றாய். மரத்துத்தான் போனது. மைனஸ் ஒன்பது.

ஆனால் கயல், முப்பத்தோரு வருஷம் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் பாஸ்டன் தேநீர் விருந்து நடத்தியவள் நான். ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளையாவது எழுந்து, "டீச்சர், விருந்துல சாப்பிட என்ன போட்டாங்க?" என்று கேட்கும். விருந்துமில்லை ஒன்றுமில்லை, ஆங்கிலேய அரசுக்கு வரி கட்டமாட்டோம் என்று பாஸ்டன்காரர்கள் தேயிலைப் பெட்டியைக் கடலில் கொட்டினார்கள் என்பேன். 1773, டிசம்பர் 16. ஐந்து மதிப்பெண் வினா. தேதியை அத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதினேனே, டிசம்பர் என்றால் அந்த ஊரில் என்ன அர்த்தம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நம் டிசம்பரைத்தான் மனதில் வைத்திருந்தேன், மார்கழிக் கோலமும் ஒரு ஸ்வெட்டரும்.

ஓல்டு சவுத் மீட்டிங் ஹவுஸ் என்று செங்கல்லில் ஒரு பழைய தேவாலயம். 1729இல் கட்டியது. அன்றைக்கு ஐயாயிரம் பேர் அங்கே கூடித்தான் துறைமுகத்துக்குப் போனார்கள். நான் போன காலையில் உள்ளே என்னையும் சேர்த்து நான்கு பேர். கோடையில் கால் வைக்க இடமிருக்காதாம். அங்கே வேலை செய்கிற பெண்மணிக்கு அன்று பேச்சுத்துணை வேண்டியிருந்தது போல, எனக்கென்றே முக்கால் மணி நேரம் சொன்னார். மூன்று கப்பல், 342 பெட்டி, நாற்பது டன்னுக்கு மேல் தேயிலை. அத்தனையும் சீனத்துத் தேயிலை! நான் இத்தனை நாள் நம் அஸ்ஸாம் தேயிலை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். அஸ்ஸாமில் தோட்டம் போட்டதே அதற்கு அறுபது வருஷம் கழித்துத்தான். இதைத் தெரியாமல் எத்தனை பிள்ளைகளிடம் என்னென்ன சொல்லிவைத்தேனோ.

இன்னொன்றும் சொன்னார். அன்றைக்கு அலை வற்றியிருந்த நேரம். கொட்டிய தேயிலை மூழ்காமல் கப்பலுக்குப் பக்கத்திலேயே வைக்கோல் போர் மாதிரி குவிந்துவிட்டதாம். அதை ஆள் விட்டுத் தள்ளிவிட வேண்டியிருந்தது. டிசம்பர் இரவில், கடல் தண்ணீரில், சேற்றில். வெளியே வந்து கையுறையைக் கழற்றி வேண்டுமென்றே ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். விரல் வலித்தது. "வீரமிக்க செயல்" என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி வரும், படித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன்.

அந்தத் தேவாலயத்தில் இருந்த பலகை ஆசனங்களைப் பின்னால் ஆங்கிலேயச் சிப்பாய்கள் பிடுங்கி எரித்துவிட்டு, தரையில் மண் கொட்டிக் குதிரைப் பயிற்சிக்கூடம் ஆக்கினார்கள். கோபத்தில் பாதி, குளிரில் பாதி என்று நினைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு மார்ச் 5. இந்தத் தேதிக்கும் ஒரு கதை உண்டு. 1770இல் இதே நாள் பாஸ்டன் படுகொலை. காவலுக்கு நின்ற சிப்பாய் மேல் கூட்டம் பனியுருண்டையும் பனிக்கட்டியும் எறிந்ததில்தான் தொடங்கியது. சிப்பாய்கள் சுட்டார்கள், ஐந்து பேர் செத்தார்கள். அதில் முதலில் விழுந்தவர் என்று சொல்லப்படும் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் ஆப்பிரிக்க, செவ்விந்திய வழியில் வந்தவர். சுட்ட சிப்பாய்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியது யார் தெரியுமா? பின்னால் ஜனாதிபதி ஆன ஜான் ஆடம்ஸ். எட்டுப் பேரில் ஆறு பேரை விடுவித்தும் காட்டினார். பழைய அரசு மாளிகை முன்னால் கல் பதித்து வட்டம் போட்டு அந்த இடத்தைக் காட்டியிருக்கிறார்கள். அந்த மாளிகைக்கு அடியிலேயே சுரங்க ரயிலுக்கு வாசல். நான் போனபோது வட்டத்தைச் சுற்றி மாநகராட்சி ஆள் உப்புத் தூவிக்கொண்டிருந்தார். ஊர் முழுக்க நடைபாதையில் கல்லுப்பு, கயல். ஊறுகாய் போடுகிற மாதிரி. என் ஷூ வெள்ளை பூத்து இன்னும் அப்படியே இருக்கிறது, அப்பா சுரண்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது ஒரு புத்தகக் கடைக்காரன். ஹென்றி நாக்ஸ், இருபத்தைந்து வயது. பீரங்கி பற்றித் தன் கடைப் புத்தகங்களைப் படித்தே கற்றுக்கொண்டவன். ஊரை ஆங்கிலேயப் படை பிடித்து வைத்திருக்கிறது, வெளியே அமெரிக்கப் படைத் தலைவர் வாஷிங்டன் பீரங்கி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். இவன் டைகொண்டெரோகா கோட்டைக்குப் போய் ஏறத்தாழ அறுபது பீரங்கிகளைச் சறுக்குவண்டியில் ஏற்றி, மாடு பூட்டி, 300 மைல் இழுத்துக்கொண்டு வந்தான். பனி விழுந்தால்தான் வண்டி சறுக்கும். ஆறு கெட்டியாக உறைந்தால்தான் கடக்க முடியும். ஆகவே எல்லாரும் போர்வைக்குள் இருக்கிற காலத்தில் இவன், பனி விழவில்லையே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்! ஆற்றில் பனி உடைந்து பீரங்கி உள்ளே விழுந்து, அதையும் மீட்டு எடுத்துப் போனார்கள். 1776 ஜனவரிக் கடைசியில் வந்து சேர்ந்தான். மார்ச் 4 இரவு டார்செஸ்டர் குன்றில் பீரங்கி ஏறியது. தரை உறைந்து கிடந்ததால் பள்ளம் தோண்ட முடியாமல், மரச்சட்டமும் வைக்கோலும் வேறெங்கோ செய்து கொண்டுவந்து இரவோடிரவாக அரண் கட்டினார்கள். விடிந்ததும் குன்றைப் பார்த்த ஆங்கிலேயர்கள் மார்ச் 17ஆம் தேதி கப்பலேறிப் போய்விட்டார்கள்.

இப்போது சொல்லு. அந்த ஊருக்கு எது சீசன்?

சிவப்பு இலையெல்லாம் படத்தில் பார்த்துக்கொள்கிறேன். ஊருக்குள் செங்கல் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், இரண்டரை மைல். அதன் மேலேயே நடந்தால் பார்க்கவேண்டிய பதினாறு சரித்திர இடமும் வந்துவிடும். பாதி இடத்தில் பனி மூடிக் கோடே தெரியவில்லை, இரண்டு தடவை தப்பாகத் திரும்பினேன். (உன்னிடம் தொலையவே இல்லை என்று சொன்னது பொய்.) பார்க்கில் அன்னப் படகு கிடையாது, அது ஏப்ரலுக்குப் பிறகுதான். வெண்கலத்தில் ஒரு தாய் வாத்தும் எட்டுக் குஞ்சும் வரிசையாக நிற்கின்றன. யாரோ ஒவ்வொன்றுக்கும் கம்பளிக் குல்லா மாட்டியிருந்தார்கள். மட்டிச் சதை போட்டுப் பாலில் ஒரு சூப் கொடுத்தார்கள், நாலு பொட்டலம் மிளகுத்தூள் கொட்டியும் நம் நாக்குக்கு எட்டவில்லை. நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டியதும் அறைக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொள்வேன். அவ்வளவுதான் என் சாகசம்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும், சிரிப்பாய். தெருவோரத்தில் பனியை வாரிக் கார் நிறுத்த இடம் செய்தவர்கள், கார் எடுத்துப் போகும்போது அந்த இடத்தில் ஓர் உடைந்த நாற்காலியை வைத்துவிட்டுப் போகிறார்கள். வேறு யாரும் நிறுத்தக் கூடாதாம். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதுதான்! பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் எங்கே போனேன் என்று உனக்கு நான் சரியாகச் சொல்லவில்லை. "ஏதோ ஏரி" என்றேன். சிவப்பு லைன் ரயிலில் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், அங்கிருந்து நடந்தால் ஃபிரெஷ் பாண்டு. டூரிஸ்ட் யாரும் போகிற இடமில்லை. கேம்பிரிட்ஜ் நகரத்துக்குக் குடிதண்ணீர் தருகிற ஏரி, சுற்றி நடைபாதை, நாயோடு நடக்கிறவர்கள். ஏரி முழுக்க வெள்ளையாக உறைந்து கிடந்தது.

நீ பிறந்து வளர்ந்தது ஐஸ் ஹவுஸ் பக்கம். பஸ் ஸ்டாப் ஐஸ் ஹவுஸ், போலீஸ் ஸ்டேஷன் ஐஸ் ஹவுஸ். ஏன் அந்தப் பெயர் என்று நீ சின்ன வயதில் கேட்டபோது, அங்கே முன்னே ஐஸ் வைத்திருந்தார்கள் என்று சொல்லி முடித்துவிட்டேன். அந்த ஐஸ் இந்தப் பக்கத்து ஐஸ். பாஸ்டன்காரர் ஃபிரெடரிக் டியூடர், ஊரே சிரித்தும் கேட்காமல் 1806இல் ஒரு கப்பல் பனிக்கட்டியைக் கரீபியன் தீவு மார்டினிக்குக்கு அனுப்பினார். நஷ்டம். கடனுக்காகச் சிறைக்கும் போனார். விடவில்லை. ஜனவரி, பிப்ரவரியில் ஏரியில் குதிரை கட்டிக் கலப்பை மாதிரி ஒன்றால் கட்டம் கட்டமாகக் கீறி, பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றுவார்கள். மரத்தூள் அறுவை மில்லில் குப்பை. பனி ஏரியில் சும்மா கிடப்பது. கப்பலும் சரக்கில்லாமல் போகிற கப்பல். ஒன்றுக்கும் உதவாத மூன்றைச் சேர்த்துக் காசாக்கியிருக்கிறார் மனிதர். 1833இல் கல்கத்தாவுக்கு 180 டன் அனுப்பினார். நாலு மாதப் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி. போய்ச் சேரும்போது 100 டன் மிச்சம். 1842இல் நம் கடற்கரையில் ஐஸ் வைக்க அந்த வட்டக் கட்டடம், நம் ஐஸ் ஹவுஸ். மதராசுக்கு வந்தது இந்த ஏரிப் பாளம்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், சுற்றுவட்டாரத்தில் பல ஏரிகளில் வெட்டினார்கள். ஆனாலும் கரையில் நின்று ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தேன். மூன்று நாளில் அந்த ஒரு நேரம்தான் நான் டூரிஸ்டாக இல்லை.

ஐஸ் மிஷின் வந்து அந்த வியாபாரம் செத்ததும், கட்டடம் கைமாறிப் பெயரும் மாறியது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் அங்கே தங்கினார். பிறகு சகோதரி சுப்புலட்சுமி அங்கேதான் விதவைப் பெண்களுக்கு விடுதி நடத்தினார். அவரால் படித்து டீச்சரானவர்கள் எத்தனையோ பேர். விவேகானந்தரும் சீசன் தப்பிப் போனவர்தான், உனக்குத் தெரியுமா? நம் திருவல்லிக்கேணி வாத்தியார் அளசிங்கப் பெருமாள் பணம் திரட்டி அனுப்பிவைத்தார். சிகாகோ மாநாடு செப்டம்பரில். இவர் ஜூலைக் கடைசியிலேயே போய் இறங்கிவிட்டார். சிகாகோவில் செலவு தாங்காமல் பாஸ்டன் பக்கம் வந்தார். அங்கேதான் ஹார்வர்டு பேராசிரியர் ரைட்டைப் பார்த்தார், அவர்தான் மாநாட்டுக்குச் சிபாரிசு எழுதிக் கொடுத்தார். சரியான நாளில் போயிருந்தால் உள்ளே விட்டிருப்பார்களோ என்னவோ.

நேற்று சாயங்காலம் அந்த வட்டக் கட்டடம் வரைக்கும் நடந்தேன். மார்ச்சுக்கே வியர்த்துக் கொட்டுகிறது. வெளியே தள்ளுவண்டியில் ஐஸ் போட்டு எலுமிச்சை ஜூஸ் விற்றுக்கொண்டிருந்தார்கள். குடித்தேன்.

நீ எப்போதும் டிசம்பரில்தான் வருகிறாய். கச்சேரி, கல்யாணம், குளிர்ந்த காற்று, உன் சிநேகிதிகள் எல்லாரும் ஊரில். இந்தத் தடவை மே மாதம் வா. டிக்கெட் விலை எப்படி என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லு. உன் கூட்டாளிகள் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். கரண்ட் போகும், குட்டிக்கு வேர்க்குரு வரும், அப்பா சலித்துக்கொள்வார். நுங்கு இருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு உன்னை அந்தக் கட்டடத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறேன்.

குட்டிக்கு முத்தம். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே, அவனுக்கும் உனக்கும்.

அன்புடன்,
அம்மா